மூன்று தடவை வேண்டாம்

மனிதர்கள் உட்காருவதைப் பற்றி இந்த உலகத்தில் டேப்பு அண்ணனைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர் யாரும் இல்லை. நாற்காலியைக் கண்டுபிடித்த ஆசாமிகூட ஒன்றைச் செய்து முடித்துவிட்டு வேறு ஜோலி பார்க்கப் போயிருப்பார். டேப்பு அண்ணன் போகவில்லை. சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனி இருக்கும் மூன்றாவது மாடியில், யார் எங்கே எப்படி உட்கார்ந்தால் சௌகரியம் என்று யோசித்தபடி வருஷக்கணக்காக நின்றுகொண்டே இருந்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் இருந்தது. அட்டை எப்போதும் பின்பக்கம் திரும்பிக் கிடக்கும். இடுப்பு பெல்ட்டில் ஒரு மஞ்சள் டேப் தொங்கும், அது மட்டும் திரும்பாது. அதனால் செக்யூரிட்டியிலிருந்து டைரக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் டேப்பு அண்ணன். உத்தியோகம் அட்மின். நான் அதே கம்பெனியில் சாஃப்ட்வேர்களுக்கு உபயோகக் குறிப்பு எழுதுகிறவள். யாரும் படிக்காததை எழுதி எனக்கு அங்கேயே பழகிவிட்டது. இந்தப் பத்தி எழுத வந்தது அதற்கப்புறம்தான்.

மற்றவர்கள் 'சௌக்கியமா' என்று கேட்கும் இடத்தில் அவர், "ஏனுங்க அம்மணி, முதுகு எப்படி இருக்குதுங்க?" என்பார். பெருந்துறையில் எங்கள் ஆபீஸ் பையன் ஒருவனுக்குக் கல்யாணம். மேடையில் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் போட்டிருந்தார்கள். டேப்பு அண்ணன் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து போனார். "மாப்ளைக்குக் காலு எட்டலீங்க, செத்த நேரத்துல மரத்துப்போயிரும்" என்று ஐயரிடம் சொல்லிவிட்டு, டேப்பை இழுத்து அளந்து, எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து காலடியில் சொருகினார். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை இருக்கிறான், பெண் இருக்கிறாள், குனிந்த நிலையில் டேப்பு அண்ணனின் முதுகும் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தனி அறை கிடைத்தால்தான் மரியாதை. டேப்பு அண்ணன் அறைகள் கட்டினார். பிறகு சேர்ந்த இளவட்டங்கள், இது என்ன கோழிக்கூண்டா என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் இடித்து ஒரே ஹாலாக்கினார். ஹாலில் ஒருத்தர் போன் பேசினால் எல்லாருக்கும் அவர் வீட்டுச் சண்டை தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிகள் முளைத்தன. அப்புறம், தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் மூளை துருப்பிடித்துவிடும் என்று யாரோ கண்டுபிடிக்க, யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது, வந்தவர்கள் வந்த இடத்தில் உட்காரலாம் என்று ஆனது. அந்த வருஷம் எங்கள் ஆபீஸ் டவுன் பஸ் மாதிரி இருந்தது. கர்ச்சீப் போட்டு இடம் பிடித்தோம்.

இத்தனைக்கும் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்துப் பேசும் பொறுப்பைக் குஷன் பாய் எடுத்துக்கொண்டார். பாய் கோட்டைமேட்டுக்காரர். சோபா, மெத்தை, தடுப்பு வேலை எதுவானாலும் எங்கள் ஆபீசுக்கு அவர்தான்.

"ஏண்ணே, போன வருசம் நீங்களே இடிக்கச் சொன்ன சுவரு இது."

"அது போன வருசமுங்க பாய். இப்ப அவங்க மனசு மாறிப்போச்சுங்க."

"சுவருக்கு ஒரு மனசு இருந்தா உக்காந்து அழுதுரும்ணே."

டேப்பு அண்ணன் அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார். சுவர் உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று யோசித்திருப்பார்.

பிறகு கொரோனா வந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம். நோய் திரும்பிப் போனது, நாங்கள் திரும்பி வரவில்லை. அவர் மட்டும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, காலியான ஹாலில் ஒவ்வொரு நாற்காலியாக உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், "உருட்டாம உட்டா சக்கரம் இறுகிப்போயிருமுங்க" என்று போனில் சொன்னார்.

கொஞ்ச காலம் இப்படியே ஓடியது. போன வருஷம் ஐப்பசியில் பெங்களூர் மேடம் வீடியோவில் வந்தார். எல்லா ஊர் ஆபீசுகளுக்கும் கட்டடம், இடம் எல்லாம் அவர் பொறுப்பு. தமிழ் பேசுவார், கொஞ்சம் கத்தரித்துப் பேசுவார்.

"பொங்கல் முடிஞ்சதும் நான் கோயம்புத்தூர் வரேன். அன்னிக்குப் பாதி சீட்டாவது நிறையலைன்னா, அந்த மாடியை ஓனர்கிட்ட திருப்பிக் கொடுத்துடலாம். நீங்க எல்லாரும் நிரந்தரமா வீட்டிலேருந்தே வேலை பாக்கலாம்."

நாங்கள் எல்லாரும் இதயப் படமும் கட்டைவிரல் படமும் போட்டுத் தள்ளினோம். அப்போது மைக்கை அணைக்கத் தெரியாத ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க மேடம், இவங்கெல்லாம் ஊட்டுல இருந்து ஆபீஸ் வேல பாப்பாங்க. நான் ஊட்டுல இருந்து எந்த ஆபீசைங்க பாக்கறது?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நல்ல கேள்வி, தனியா பேசலாம்" என்றார். எங்கள் கம்பெனியில் தனியாகப் பேசலாம் என்றால் யாரும் பேசப்போவதில்லை என்று அர்த்தம். நான் போட்ட கட்டைவிரலை எடுத்துவிட்டேன். எனக்கு என்னமோ போல இருந்தது.

அதோடு மேடம் ஒரு கருத்துக்கணிப்பும் அனுப்பினார். ஆபீஸ் எப்படி இருந்தால் வருவீர்கள், என்ன வசதி வேண்டும், எது குறை என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. நாங்கள் கொங்கு நாட்டு ஆட்கள். கேட்பவர் மனம் நோகப் பதில் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. குறை எதுவும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது, எதுவும் வேண்டாம், கேட்டதற்கு நன்றி என்று எழுதி அனுப்பினோம். கம்பெனியின் அத்தனை ஊர்களிலும் பரம திருப்தியான ஊழியர்கள் நாங்கள்தான் என்று முடிவு வந்தது. எந்த ஊர் ஆபீஸ் அதிகம் காலி என்று பார்த்தால் அதுவும் நாங்கள்தான். பெங்களூரில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார்களாம்.

விட்டுப்போன என் டிபன் டப்பாவை எடுக்க ஒருநாள் ஆபீஸ் போனேன். டேப்பு அண்ணன் ஜன்னலோரம் நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சம் வந்தால் எங்காவது ஒரு சுவர் விழும்.

"அம்மணி, ஒறம்பரை போறீங்க. சொந்தக்காரங்க ஊடு. இன்னொரு தோசை வெக்கட்டுங்களான்னு கேக்கறாங்க. என்ன சொல்லுவீங்க?"

"வேண்டாமுங்கன்னு சொல்லுவேன்."

"மறுக்காவும் கேக்கறாங்க."

"போதுமுங்கம்பேன்."

"மூணாந்தடவ?"

"ஐயோ, வேண்டவே வேண்டாமுங்கன்னு கைய வெச்சு எலைய மறைப்பேன்."

"தோசை எங்கீங்க உளுகும்?"

"கை மேல."

"தின்னீங்களா இல்லீங்களா?"

தின்றிருக்கிறேன். சட்னி கேட்டும் வாங்கியிருக்கிறேன்.

"அவ்வளவுதானுங்க. பெங்களூர்க்காரங்க ஒரேதடவ கேட்டுப்போட்டு போயிட்டாங்க" என்றார். அப்புறம், "இன்னொன்னும் இருக்குதுங்க. வாங்கன்னு கம்ப்யூட்டர்ல அனுப்பிச்சா யாருங்க வருவா? நம்ம பக்கம் நேர்ல வந்து அழைக்காத விசேசத்துக்கு யாராச்சும் போவாங்களா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னால் டேப்பு அண்ணன், வெள்ளை வேட்டியில். பின்னால் குஷன் பாய், மடியில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சாத்துக்குடி. என் கணவர், யாருக்குக் கல்யாணம் என்று என்னைப் பார்த்தார்.

டேப்பு அண்ணன் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "பொங்கல் கழிஞ்சு வார புதங்கெழமைங்க, நம்ம ஆபீசுல விசேசம். கட்டாயம் குடும்பத்தோட வந்து இருந்து நடத்திக் குடுக்கோணும்" என்றார். அழைப்பு வேலைக்கு வரச்சொல்லித்தான். ஆனால் வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்ததும் வாயில் தானாக அந்த வாக்கியம்தான் வந்தது. அதை அப்போது அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

காபி குடித்துவிட்டு, நான் வீட்டில் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். மேஜையைக் காட்டினேன். அவர் மேஜையைப் பார்க்கவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்த தலையணையைப் பார்த்தார். நான் அங்கேதான் பீரோவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு எழுதுவேன்.

"ஆபீசுலயும் காலு நீட்டி உக்கார எடம் போட்டரலாமுங்களா?"

"சேச்சே, வேண்டாமுங்ணா."

"தாழ்வா ஒரு மேடையாட்ட?"

"வேண்டாமுங்ணா, நல்லாவா இருக்கும்?"

"மெத்தை போட்டு?"

"ஐயய்யோ, வேண்டவே வேண்டாமுங்ணா!"

அவர் பாயைப் பார்த்தார். பாய் தலையாட்டினார்.

இப்படி ஊர் ஊராகப் போனார்கள். கார்த்தி காங்கேயத்தில் தேங்காய்க் களத்துக் கொட்டகையில் உட்கார்ந்து அமெரிக்கக்காரனுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுக் காங்கேயம் பசு. புரோகிராம் முட்டிக்கொண்டு நின்றால் திரும்பி அதன் நெற்றியைச் சொறிவானாம், உடனே வழி தெரியுமாம். டேப்பு அண்ணன் அவனிடம் கேட்ட கேள்வியைக் கார்த்தி எங்களிடம் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. "மாட்டுக்கும் எடம் பாக்கட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவன் பதறிப்போய் மூன்று தடவை வேண்டாம் என்றிருக்கிறான்.

நந்தினி ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். மாமனார் டிவி சத்தம் தாங்காமல், அபார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து மீட்டிங் பேசுவாள். கதவு போட்ட தனி அறை வேணுங்களா என்றதற்கு, "எனக்கு மட்டும் எதுக்குங்ணா" என்று மூன்று விதமாகச் சொன்னாள்.

பிரபு விவரமில்லாத பையன். பெருந்துறையில் அவன் அம்மா சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டே, "மேனேஜருக்குப் பக்கத்துல சீட்டுப் போட்டரலாமுங்களா?" என்று டேப்பு அண்ணன் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். "அண்ணா, வேண்டாங்ணா. சத்தியமா வேண்டாங்ணா. உங்க கால்ல உளுகறேன், வேண்டாங்ணா" என்றான் பிரபு. அவன் உண்மையாகவே வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனால் எண்ணிக்கை மூன்று வந்துவிட்டது.

மார்கழி முழுக்க மூன்றாவது மாடியில் சுத்தியல் சத்தம். எனக்கு மெத்தை மேடை தயாரானது. நந்தினிக்குக் கதவோடு அறை தயாரானது. அது தயாரான வாரம் அவள் மாமனாரும் மாமியாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வீடே கம்மென்று ஆகி, அவளுக்கு நாலு பேர் குரல் கேட்டால் போதும் என்றாகிவிட்டது.

"கதவை எடுத்தரலாமுங்களா?" என்று டேப்பு அண்ணன் கேட்டார்.

பாய் ஆணிகளைக் கீழே கொட்டினார். "அண்ணே, எங்க வாப்பா காலத்துலேருந்து இந்தத் தொழில்ல இருக்கோம். இவங்க மனசு மாறுற வேகத்துக்கு ஆணி அடிக்க என்னால ஆகாது."

"அப்ப ஆணி அடிக்காதீங்க பாய். சக்கரம் வையுங்க."

"எதுக்கு?"

"சுவத்துக்கு."

வைத்தார்கள். சுவர், மேடை, அலமாரி எல்லாவற்றுக்கும் சக்கரம். சத்தம் வேண்டாம் என்றால் சுவரை இழுத்துக்கொள்ளலாம், ஆள் வேண்டும் என்றால் தள்ளிவிடலாம். பாய் முதல் சுவரை உருட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வண்டிக்குத்தான் சக்கரம் வெச்சாங்க" என்று தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை காலை பெங்களூர் மேடம் லிஃப்டிலிருந்து இறங்கினார். நான் அப்போது என் மேடையில் காலை நீட்டிக்கொண்டிருந்தேன், அவசரமாக மடக்கினேன். ஹால் நிறைந்திருந்தது. நிறைந்திருந்தது என்றால், ஊழியர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஊழியர்களின் அப்பா அம்மா வந்திருந்தார்கள். மாமன் மச்சான் வந்திருந்தார்கள். தட்டு வைத்துக் குடும்பத்தோடு அழைத்தபின் வராமல் இருந்தால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது? பட்டுச் சேலைகள் சரசரத்தன. பிரபுவின் அம்மா பணியாரத் தூக்கோடு மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து பிரபுவுக்கு மேனேஜரால் ஒரு தொந்தரவும் இல்லை.

மேடத்தின் முன்னால் ஜரிகை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து கும்பிட்டார்.

"வாங்கம்மணி. நான் கார்த்தியோட மாமனுங்க, காங்கேயம். நீங்க பொண்ணு ஊட்டுப் பக்கமுங்களா?"

"நான் பெங்களூர்."

"ஓஹோ, பொண்ணு பெங்களூர்ல எடுக்கறாங்களா" என்று அவர் மரியாதையாக நகர்ந்துகொண்டார்.

மேடம் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுவரில் கை வைத்தார், அது நகர்ந்தது. கையை எடுத்துவிட்டார். கார்த்திக்கு இடம் போட்டிருந்த ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். பக்கத்துக் காலி மனையில், வேப்ப மரத்தடியில், காங்கேயம் பசு ஒன்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

"அது என்ன?"

"மாடுங்க மேடம்" என்றார் டேப்பு அண்ணன். "மாடிக்கு லிஃப்ட் பத்தலீங்க. மனைக்காரர் கட்டிக்கச் சொல்லிப்போட்டாருங்க."

இலை போட்டு மேடத்தை உட்கார வைத்தோம். எங்கள் பக்கத்தில் போளிக்கு ஒப்புட்டு என்று பெயர். அவர் இரண்டாவது ஒப்புட்டை வேண்டாம் என்றார். வைத்தார்கள். போதும் என்றார். நெய் ஊற்றினார்கள். இலையைக் கையால் மறைத்தார். ஒப்புட்டு கை மேல் விழுந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தின்றார். அப்போது நான் அவருக்கு டேப்பு அண்ணனின் தோசைக் கணக்கைச் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் விரலை நக்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார். மாமன்மார்கள் எல்லாம் நாளைக்கு வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் முழு மாடி கிடையாது, பாதி மாடி நமக்கு. யாருக்கு எந்த நாள் வரப் பிடிக்கிறதோ அந்த நாள் வரலாம். டேப்பு அண்ணன் வேலை அப்படியே தொடரும். நாங்கள் கைதட்டினோம். டேப்பு அண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். தூசி என்றார். அன்றைக்கு ஹாலில் தூசியே இல்லை.

போகிற போக்கில் மேடம் டேப்பு அண்ணன் பக்கம் திரும்பினார். "எல்லாரோட சீட்டும் பாத்தேன். உங்களோடது எங்கே?"

நாங்கள் எல்லாரும் ஹாலைப் பார்த்தோம். இத்தனை வருஷமாக அந்தக் கேள்வி எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அறை இருந்த காலத்திலும் அவருக்கு அறை இல்லை. கர்ச்சீப் போட்ட காலத்திலும் அவர் கர்ச்சீப் போட்டதில்லை.

"எனக்கு எதுக்குங்க மேடம்? வேண்டாமுங்க."

"சரி" என்று மேடம் லிஃப்டில் ஏறிவிட்டார். பெங்களூர்க்காரர், என்ன செய்வது!

கதவு மூடியது. எல்லாருக்கும் கணக்குத் தெரியும். இது ஒன்று.

நான் எழுந்து போனேன். "அண்ணா, லிஃப்டுக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு சேர் போட்டரலாமுங்களா?"

"நீங்க வேற அம்மணி. ஓடற ஆளுக்கு எதுக்குங்க சேரு? வேண்டாமுங்க."

கார்த்தி வந்து அவர் பக்கத்தில் நின்றான். "அண்ணா, கை வெச்ச சேரா, கை இல்லாததா?"

டேப்பு அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கும் கணக்குத் தெரியும். பெல்ட்டில் தொங்கிய டேப்பைத் தடவிக்கொண்டார்.

"வேண்டாமுங்க கண்ணு" என்றார்.

குஷன் பாய் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக வந்து, டேப்பு அண்ணனின் பெல்ட்டிலிருந்து அந்த மஞ்சள் டேப்பை உருவி, அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, முழங்காலிலிருந்து தரை வரைக்கும் அளந்தார். டேப்பு அண்ணன் சட்டைக்கு அளவு கொடுக்கிற பிள்ளை மாதிரி அசையாமல் நின்றார்.

எனக்கு வீட்டில் இப்போதும் பீரோவும் தலையணையும் இருக்கின்றன. ஆபீஸ் போயே தீர வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் புதன்கிழமை தவறாமல் போகிறேன். லிஃப்ட் திறக்கும்போது அவர் பாய் அளந்து செய்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்ப்பார், நான் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, "முதுகு எப்படி இருக்குதுங்ணா?" என்று கேட்பேன்.